மூட்டு மாற்று அறுவைக்குப் பிறகு கால் மடங்கவில்லை: பிசியோதெரபிஸ்ட்டை மாற்றலாமா?

கேள்வியின் சுருக்கம் இது. அம்மாவுக்கு 66 வயது. வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து 7 வாரம் ஆகிறது. வாரத்தில் ஐந்து நாள் ஒரு பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வருகிறார். இருபது நிமிடம் கரண்ட் வைக்கிறார், காலைக் கொஞ்சம் மடக்கி நீட்டிவிடுகிறார், கிளம்பிவிடுகிறார். கால் 80 டிகிரிக்கு மேல் மடங்கவில்லை. மகளுக்குச் சந்தேகம். அம்மாவோ, “நல்ல பிள்ளை, வலிக்காம பண்றான், அவனை மாத்தாதே” என்கிறார். வேறு ஆளைப் பார்ப்பதா, இன்னும் கொஞ்சம் பொறுப்பதா?

நானும் இதே தொழிலில் இருப்பவன்தான். ஆளை மாற்றும் பேச்சை அப்புறம் வைத்துக்கொள்வோம். முதலில் இந்த வாரமே, அறுவை சிகிச்சை செய்த டாக்டரிடம் அம்மாவைக் கூட்டிப் போங்கள். அடுத்த செக்கப் தேதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஏன் இவ்வளவு அவசரம் என்றால், இதில் நாள்கணக்கு முக்கியம். நேராக நீட்டிய காலை 0 டிகிரி என்று வைத்துக்கொண்டால், மூட்டு மாற்றியவர்களில் பெரும்பாலானோருக்கு ஆறு வாரத்துக்குள் 90 டிகிரியைத் தாண்டிவிடும், மூன்று மாதத்தில் 110, 120 என்று போகும். ஆறு வாரம் கடந்தும் 90-ஐத் தொடாமல் நின்றுவிட்டால், மயக்க மருந்து கொடுத்துக் காலை மடக்கிவிடலாமா என்று டாக்டர் யோசிப்பார். அதைப் பொதுவாக 6 வாரத்திலிருந்து 12 வாரத்துக்குள் செய்வார்கள். அதற்குமேல் உள்ளே வளர்ந்த தழும்புத் திசு கெட்டிப்பட்டுவிடும், பலன் குறையும். 80 டிகிரியில் நிற்கும் எல்லாக் காலுக்கும் அது தேவை என்று நான் சொல்லவில்லை. அறுவைக்கு முன்பே அம்மாவின் கால் எவ்வளவு மடங்கியது என்பதைப் பொறுத்து எதிர்பார்ப்பு மாறும். முன்பே விறைத்திருந்த முழங்கால் பின்பும் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கும். இன்னொன்று, கால் மடங்காததற்கு உள்ளே மெதுவாகப் பரவும் கிருமித்தொற்றோ, வைத்த மூட்டின் பொருத்தமோகூடக் காரணமாக இருக்கலாம். அப்படி இருந்தால் உலகத்தின் மிகச் சிறந்த பிசியோதெரபிஸ்ட்டைக் கொண்டுவந்தாலும் மடங்காது. அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர். காய்ச்சல், தையல் இடத்தில் கசிவு, கெண்டைக்கால் திடீரென்று வீங்கிச் சூடாக வலிப்பது, இவற்றில் ஏதாவது இருந்தால் இந்த வாரம்கூட இல்லை, இன்றைக்கே.

“ஆனா நல்லா நடக்கிறாங்களே” என்று வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். இந்த இடத்தில்தான் நிறையக் குடும்பங்கள் ஏமாந்துபோகின்றன. சமதரையில் நடக்க முழங்கால் 60, 65 டிகிரி மடங்கினால் போதும். ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடக்கும்வரை ஒரு குறையும் தெரியாது. படி இறங்க 90 வேண்டும். தாழ்வான சோபாவிலிருந்து கையை ஊன்றாமல் எழ 100-க்கு மேல் வேண்டும். பஸ்ஸில் சன்னலோர சீட்டுக்குள் நுழைந்து உட்காருவதற்கும் அப்படித்தான். அம்மா படியை ஒவ்வொன்றாக, நல்ல காலை ஊன்றி ஏறுகிறார், இறங்கும்போது பக்கவாட்டில் திரும்பிக்கொள்கிறார் என்றால் கால் போதுமான அளவு மடங்கவில்லை, தொடைக்கும் பலம் வரவில்லை என்று அர்த்தம்.

சரி, இப்போது அந்தத் தம்பியின் விஷயத்துக்கு வருவோம்.

ஒரு பிசியோதெரபிஸ்ட்டை வைத்துக்கொள்வதா மாற்றுவதா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் முதலில் கேட்கும் கேள்வி: “அவர் கடைசியாக எப்போது அளந்தார்?” நீங்கள் 80 டிகிரி என்று எழுதியிருக்கிறீர்கள். அது அவர் அளந்து சொன்னதா, கண்ணால் பார்த்துச் சொன்னதா, டாக்டர் போன முறை சொன்னதா? அளப்பதற்கு எங்களிடம் கோனியோமீட்டர் என்று ஒரு சாமான் இருக்கிறது. இரண்டு பிளாஸ்டிக் ஸ்கேலை ஒரு முனையில் சேர்த்து ஆணியடித்த மாதிரி இருக்கும். அதன் மையத்தை முழங்காலின் வெளிப்பக்கம் வைத்து, ஒரு கையை இடுப்புப் பக்கத்து எலும்பு மேட்டை நோக்கியும் மற்றொன்றைக் கணுக்காலின் வெளிப்பக்க எலும்பை நோக்கியும் நீட்டிவைத்தால் டிகிரி தெரியும். இரண்டு நிமிட வேலை. வாரத்துக்கு ஒருமுறை இதைச் செய்து, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தால், கால் 80-லேயே நிற்கிறது என்பது ஐந்தாவது வாரமே அவருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்திருந்தால், “டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்” என்று அவரே சொல்லியிருப்பார், சொல்லியிருக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது கரண்ட் அல்ல, மென்மையும் அல்ல. ஏழு வாரமாக ஒரே வேலை, ஒரே அளவு, யாரும் எதையும் எழுதிவைத்ததாகத் தெரியவில்லை. அதுதான்.

அளவு நிற்கிறது என்பது மட்டும் ஆளை மாற்றக் காரணமாகாது. நின்றதைப் பார்த்து அவர் எதையாவது மாற்றினாரா என்பதுதான் கேள்வி. மூன்றாவது வாரம் செய்த அதே பயிற்சியை ஏழாவது வாரமும் செய்கிறார் என்றால், காலைப் பார்த்து வைத்தியம் செய்யவில்லை, பழக்கத்தில் செய்கிறார். முதல் வாரம் படுத்தபடி தொடையை இறுக்குவது, பிறகு குதிகாலை இழுத்து மடக்குவது, பிறகு நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, படி ஏறி இறங்குவது, சைக்கிள் மிதிப்பது என்று பயிற்சிகள் ஏறிக்கொண்டே போக வேண்டும். ஏழு வாரத்தில் அம்மா இன்னும் கட்டிலில் படுத்துக்கொண்டே வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

அவர் அளக்கவில்லை என்றால் நீங்களே அளக்கலாம். அம்மாவை உயரமான நாற்காலியில் உட்காரவைத்து, பாதத்தைத் தரையில் வைத்தபடியே முடிந்தவரை பின்னால் இழுக்கச் சொல்லுங்கள். இடுப்பைத் தூக்கி ஏமாற்றக் கூடாது. பெருவிரல் நிற்கும் இடத்தில் தரையில் ஒரு சாக்பீஸ் கோடு. தேதியும் போடுங்கள். பக்கவாட்டிலிருந்து, முழங்கால் உயரத்தில் போனை வைத்து ஒரு போட்டோ. ஒவ்வொரு வாரமும் அதே நாற்காலி, அதே இடம். நீட்டுவதற்கும் ஒரு சோதனை உண்டு, அதை முக்கால்வாசிப் பேர் மறந்துவிடுகிறார்கள்: காலை நீட்டிப் படுத்திருக்கும்போது குதிகாலுக்கு அடியில் மட்டும் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். முழங்கால் நேராக இறங்குகிறதா, இல்லை வளைந்தே நிற்கிறதா? முழுதாக நீளாத கால், மடங்காத காலைவிட நடைக்கு அதிகத் தொந்தரவு. சுகமாக இருக்கிறது என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுக்கும் பழக்கம் இருந்தால், ஆளை மாற்றுவதற்கு முன் அந்தத் தலையணையை எடுத்துவிடுங்கள். வந்த முதல் நாளே இதைச் சொல்லாத பிசியோதெரபிஸ்ட் மேல் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

கரண்ட் வைப்பது பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கரண்டில் பல வகை உண்டு. தோலில் சுர்ரென்று இருக்கும் வகை வலியை மட்டுப்படுத்துவதற்கு. போட்டவுடன் தொடைத் தசை கண்ணுக்குத் தெரிய இறுகி இறுகித் தளரும் வகை வேறு. மூட்டு மாற்றிய முதல் சில வாரங்களில் தொடைத் தசை மூளை சொன்ன பேச்சைக் கேட்காமல் படுத்துவிடும். அப்போது இந்த இரண்டாவது வகை நிஜமாகவே உதவும். அம்மாவுக்கு எது வைக்கிறார் என்று பாருங்கள். முதல் வகையாக இருந்து, அதுவே வந்த நேரத்தின் பெரும்பகுதியைத் தின்கிறது என்றால், நீங்கள் கொடுக்கும் பணம் அம்மா படுத்து ஓய்வெடுப்பதற்கு. முதுகுவலி விஷயத்தில் பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் என்ற அரசு அமைப்பு 2016-இல் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டது: அல்ட்ராசவுண்ட், டென்ஸ், ஐ.எஃப்.டி. என்ற கரண்ட் வகைகள், இழுவை இவை எதுவும் கொடுக்காதீர்கள், உடற்பயிற்சி கொடுங்கள் என்று. நம் ஊர் கிளினிக்குகளில் இன்றைக்கும் பத்து சிட்டிங் என்றால் பத்து நாளும் இவைதான். நோயாளிகளும் மெஷின் இருந்தால்தான் வைத்தியம் என்று நினைக்கிறார்கள், அதையும் சொல்லியாக வேண்டும். மெஷின் வைக்காமல் அரை மணி நேரம் உடற்பயிற்சி மட்டும் செய்யவைத்தால், “ஒண்ணுமே பண்ணலையே, இதுக்கு எதுக்குக் காசு” என்று கேட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு.

அடுத்தது, “வலிக்காம பண்றான்” என்ற அம்மாவின் சான்றிதழ். மூட்டு மாற்றிய கால் வலிக்காமல் மடங்காது. பயிற்சி செய்யும்போது வலி கூடலாம். செய்து முடித்துச் சில மணி நேரத்தில் பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும், மறுநாள் காலை வீக்கம் கூடியிருக்கக் கூடாது. நாங்கள் வைத்துக்கொள்ளும் கணக்கு இது. வலியே இல்லை என்றால் எல்லை வரைக்கும் போகவில்லை என்று பொருள். மறுநாளும் இறங்கவில்லை என்றால் எல்லை தாண்டிப் போய்விட்டது. டாக்டர் எழுதிய வலி மாத்திரையைப் பயிற்சிக்கு அரை மணி, முக்கால் மணி முன்னால் போட்டுக்கொள்ளலாமா என்று அவரிடமே கேளுங்கள்; மிகச் சின்ன விஷயம், ஆனால் நிறைய வித்தியாசம் தெரியும்.

ஆனால் இதையே எல்லா நோய்க்கும் அளவுகோலாக வைத்துவிடக் கூடாது. இதைப் படிக்கிற வேறு யாருக்காவது தோள்பட்டை இறுகிப்போயிருந்தால், கணக்கு அப்படியே தலைகீழ். சர்க்கரை நோயாளிகளுக்கு இது அதிகம் வரும். பின்னால் கையைக் கொண்டுபோய் ரவிக்கை ஊக்கு மாட்ட முடியாது, பர்ஸ் எடுக்க முடியாது, ராத்திரி அந்தப் பக்கம் புரண்டு படுக்க முடியாது. முதலில் வலி கூடும் கட்டம், பிறகு இறுகி நிற்கும் கட்டம், பிறகு தானாக இளகும் கட்டம். எல்லாம் சேர்ந்து ஒன்றிலிருந்து மூன்று வருடம் ஆகலாம். வலி கூடும் கட்டத்தில் கையைப் பிடித்து முறுக்கி மேலே தூக்குபவர்தான் தப்பு செய்கிறார். 2004-இல் நெதர்லாந்தில் 77 பேரை இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில், வலி எல்லைக்குள் மென்மையாக அசைத்துவந்தவர்களில் 89 சதவீதம் பேர் நன்றாகத் தேறினார்கள். தீவிரமாக இழுத்துப் பயிற்சி கொடுக்கப்பட்டவர்களில் 63 சதவீதம்தான். ஆகவே “அங்கே போனா அழவைக்கிறார், ஆனா கெட்டிக்காரர்” என்று யாராவது தோளுக்குச் சிபாரிசு செய்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள். ஒருவர் மென்மையா கடுமையா என்று பார்ப்பதைவிட, எந்த நோய்க்கு எந்தக் கட்டத்தில் அப்படி இருக்கிறார் என்று பாருங்கள்.

பக்கவாதத்தில் இன்னொரு மாதிரி. விழுந்த பக்கத்துக் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைப்பது, தலைக்கு மேல் கப்பி மாட்டிக் கயிற்றால் அந்தக் கையை மேலே இழுத்து இழுத்து விடச் சொல்வது, இந்த இரண்டையும் யாராவது செய்தால் நிறுத்துங்கள். தசை பிடிமானம் இல்லாத தோள் அதில் நழுவும், பிறகு தீராத தோள்வலி வந்து சேரும். முதல் மூன்று மாதம்தான் வேகமாக முன்னேறும் காலம். அந்த மூன்று மாதத்தைப் படுத்த படுக்கையில் கைகால் அசைத்துவிடுவதிலேயே கழிக்கிறவரிடம் பொறுமை காட்ட வேண்டியதில்லை. டம்ளரை எடுக்க வேண்டுமா, டம்ளரைத்தான் நூறு தடவை எடுக்கவைக்க வேண்டும்.

ஆளை மாற்றுவது என்றாலே அந்த ஆள் மேல் குற்றம் என்று நினைக்கிறோம். அப்படி இல்லாத சந்தர்ப்பங்களும் உண்டு. கபடி ஆடிய பையனுக்கு முழங்காலுக்குள் எலும்புகளைப் பிணைத்துப் பிடிக்கும் ஏ.சி.எல். என்ற நார் கிழிந்து ஆபரேஷன் ஆகிறது என்று வையுங்கள். முதல் இரண்டு மாதம் வீக்கத்தை இறக்கி, காலை நீட்டி மடக்கி, ஊன்றுகோல் இல்லாமல் நடக்கவைக்கும் வேலையைப் பக்கத்துத் தெரு கிளினிக்காரர் அருமையாகச் செய்வார். நாலாவது மாதம் பையன் ஓடுகிறான், வலி இல்லை. அவரும் “இனி ஆடலாம் தம்பி” என்று சொல்லிவிடுவார். அங்கேதான் ஆபத்து. ஒன்பது மாதம் வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி அடிபடும் வாய்ப்பு பாதிக்குப் பாதி குறைந்ததை 2016-இல் வந்த நார்வே ஆய்வு காட்டியது. மாதக்கணக்கு மட்டும் போதாது. அடிபட்ட காலின் தொடைத் தசைக்கு மற்றக் காலின் பலத்தில் 90 சதவீதமாவது வந்திருக்க வேண்டும், ஒற்றைக்காலில் குதித்துத் தரையில் சரியாக இறங்கத் தெரிய வேண்டும். இதை அளக்கிற வசதியும் பழக்கமும் விளையாட்டுக் காயங்களைப் பார்ப்பவர்களிடம்தான் இருக்கும். முதல் ஆளுக்கு நன்றி சொல்லிவிட்டு இரண்டாவது ஆளிடம் போவதில் யாருக்கும் அவமானம் இல்லை. நல்லவராக இருந்தால் அவரே அனுப்பிவைப்பார். தலைசுற்றல், பிரசவத்துக்குப் பிறகு சிறுநீர் கசிவது, பிறவியிலேயே தசை விறைப்போடு இருக்கும் குழந்தை, தண்டுவடக் காயம் இவையெல்லாமும் தனித்தனிப் பயிற்சி வேண்டிய விஷயங்கள். குழந்தைகளுக்குத் தென்காசிப் பக்கம் ஆய்க்குடி அமர் சேவா சங்கம், தண்டுவடத்துக்கு வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு நிலையம் என்று அதற்கென்றே இருக்கும் இடங்களை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும்.

மாற்றக் கூடாத சமயமும் இருக்கிறது. டிஸ்க் விலகிக் கால் முழுக்க இழுக்கிறது என்று வருகிறவர்கள் இரண்டு வாரத்தில் வலி போகவில்லை என்று அடுத்த இடம் போகிறார்கள், அங்கே இரண்டு வாரம், அப்புறம் புத்தூர்க் கட்டு, அப்புறம் யூடியூப். விலகிய டிஸ்க் பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் தானாக அடங்கும். ஐந்தாவது ஆளிடம் போகும்போது அடங்கினால் ஐந்தாவது ஆள் கைராசிக்காரர் ஆகிவிடுகிறார். தசைக்குப் பலம் கூட ஆறிலிருந்து எட்டு வாரம் வேண்டும்; தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணின் நோவுக்குப் பன்னிரண்டு வாரம்கூட ஆகும். பயிற்சி நாளுக்கு நாள் ஏறுகிறது, ஏன் செய்கிறோம் என்று விளக்குகிறார், அளவில் சின்னச் சின்ன முன்னேற்றம் தெரிகிறது என்றால், வலி இன்னும் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஓடாதீர்கள். வீட்டுப் பயிற்சியைச் செய்யாமல் பிசியோதெரபிஸ்ட்டை மாற்றுவது இன்னும் மோசம். அவர் வந்து போகும் முக்கால் மணி நேரத்தில் முழங்கால் மடங்கிவிடாது. நாளைக்கு நான்கைந்து தடவை அம்மா தானாகக் குதிகாலை இழுத்து மடக்கினாரா? இதற்கு உண்மையான பதில் உங்கள் வீட்டில்தான் இருக்கிறது.

ஆனால் யோசிக்கவே வேண்டாம், உடனே மாற்றுங்கள் என்று சொல்லக்கூடியவையும் உண்டு. வலியைச் சொன்னாலும் கேட்காமல் திரும்பத் திரும்ப அதையே செய்கிறவர். எதற்காக எங்கே தொடுகிறேன் என்று சொல்லாமல் தொடுகிறவர், பெண் நோயாளி துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்கிறேன் என்றால் முகம் சுளிக்கிறவர். “டாக்டர்கிட்ட போகாதீங்க, ஆபரேஷன்னு சொல்லிடுவாங்க” என்று பயமுறுத்துகிறவர். டிஸ்க்கை ஒரே தட்டில் உள்ளே தள்ளிவிடுகிறேன் என்கிறவர்; அப்படித் தள்ள முடியாது. முதுகுவலியோடு சிறுநீர், மலம் போவது தெரியவில்லை, தொடையிடுக்கு மரத்திருக்கிறது என்று சொன்ன பிறகும், நாளைக்குப் பார்க்கலாம் என்று சிட்டிங் போடுகிறவரிடம் ஒரு நிமிடம்கூட இருக்காதீர்கள், நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

படிப்பையும் கேட்கலாம், தப்பில்லை. பி.பி.டி. என்ற பிசியோதெரபி பட்டப்படிப்பு, பயிற்சிக் காலத்தையும் சேர்த்து நாலரை வருடப் படிப்பாக இருந்துவந்தது, எம்.பி.டி. என்ற மேற்படிப்பு அதற்குமேல் இரண்டு வருடம். வீட்டுக்கு வந்துபோகிறவர்களில் சிலர் ஆஸ்பத்திரியில் உதவியாளராக இருந்து மெஷின் வைக்கப் பழகியவர்கள். கைப்பழக்கம் நன்றாக இருக்கும், ஆனால் கால் ஏன் மடங்கவில்லை என்று யோசிக்கச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். “தம்பி, எங்கே படிச்சீங்க?” என்று அம்மாவையே ஒருநாள் காப்பி கொடுக்கும்போது கேட்கச் சொல்லுங்கள். படித்தவர் என்றால் சந்தோஷமாகச் சொல்வார்.

மாற்றுவதற்கு முன் அந்தத் தம்பிக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் இப்படிக் கேளுங்கள்: “தம்பி, ஏழு வாரம் ஆச்சு, 80-லயே நிக்குது. டாக்டர் 12 வாரத்துக்குள்ள 110 வரணும்ங்கிறார். அடுத்த ரெண்டு வாரத்துக்கு என்ன மாத்திச் செய்யலாம்னு நினைக்கிறீங்க?” டாக்டர் எந்த எண்ணைச் சொன்னாரோ அதைச் சொல்லுங்கள். குற்றம் சாட்டாமல் கேட்கும் கேள்வி இது. அவர் கோனியோமீட்டரை எடுத்து அளந்து, கரண்ட் நேரத்தைக் குறைத்து, காலை மாலை வீட்டுப் பயிற்சியை எழுதிக் கொடுத்தால், இரண்டு வாரம் பாருங்கள். சில நேரம் வீட்டுக்காரர்கள் “அம்மாவுக்கு வலிக்கக் கூடாது” என்று முதல் நாளே சொல்லிவைத்திருப்பார்கள். பாவம், அவர் அதற்குக் கட்டுப்பட்டுச் செய்துகொண்டிருப்பார். அப்படி ஏதாவது நடந்ததா என்று வீட்டில் விசாரித்துக்கொள்ளுங்கள். “அம்மாவுக்கு வயசாயிடுச்சு, அவ்வளவுதான் வரும்” என்றோ, “எனக்குத் தெரியாதா” என்றோ பதில் வந்தால் அன்றைக்கே வேறு ஆளைத் தேடலாம். 66 வயது இதற்கு ஒரு வயதே இல்லை. எண்பதில் மூட்டு மாற்றிப் படியேறிப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

அம்மாவை எப்படிச் சம்மதிக்கவைப்பது என்பதுதான் உங்களுக்கு நிஜமான சிக்கல் என்று தோன்றுகிறது. ஏழு வாரம் வீட்டுக்கு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, பேரன் கதையெல்லாம் கேட்டவரை அனுப்பிவிடுவது அவருக்குச் சங்கடம். அந்தப் பையன் சரியில்லை என்று அம்மாவிடம் வாதாடாதீர்கள், தோற்றுவிடுவீர்கள். “வீட்டிலே சைக்கிள் இல்லம்மா, டாக்டர் சென்டருக்குப் போய் மிதிக்கச் சொல்லிட்டார்” என்று சொல்லுங்கள். பொய்யும் இல்லை. ஏழு வாரம் கழித்து வீட்டுக்கே வரவழைத்துப் பார்ப்பதைவிட வெளியே ஒரு பிசியோதெரபி சென்டருக்குப் போவது எப்படியும் நல்லது. ஆட்டோவில் ஏறி இறங்குவதே ஒரு பயிற்சி. அங்கே தன்னைப் போலவே மூட்டு மாற்றிய இன்னொரு அம்மா காலை மடக்குவதைப் பார்த்தால் வரும் ரோஷம் எந்தப் பிசியோதெரபிஸ்ட்டாலும் வரவழைக்க முடியாதது.

செலவு யோசனை இருந்தால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிசியோதெரபி பிரிவு உண்டு, கட்டணம் இல்லை. சென்னையில் இருந்தால் கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இதற்காகவே இருக்கிறது. வெளியே வரவே முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிவைக்கலாம். ஆனால் அவர் பார்க்க வேண்டிய வீடுகள் அதிகம், அம்மாவின் இப்போதைய தேவைக்கு அது மட்டும் போதாது.

பழையவரிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள், போனை எடுக்காமல் இருந்துவிடாதீர்கள். முன்பணமாகப் பேக்கேஜ் கட்டியிருந்தால் மீதி சிட்டிங்குக்கான தொகையைக் கேட்கலாம்; கொடுக்காவிட்டாலும், கட்டிய காசுக்காக மீதி நாளையும் ஓட்டிவிடுவோம் என்று இருக்க வேண்டாம், அம்மாவுக்கு மீதி இருப்பது ஐந்து வாரம்தான். இதுவரை என்ன செய்தார், எந்தப் பயிற்சிக்கு வலி கூடியது என்று அரைப் பக்கம் எழுதி வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மாத்திரைச் சீட்டு, நீங்கள் எடுத்த போட்டோக்கள் எல்லாவற்றையும் புதியவரிடம் கொண்டுபோங்கள். இரண்டு பேரையும் ஒரே சமயத்தில், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவராக வைத்துக்கொள்ளும் வேலை மட்டும் வேண்டாம். காலையில் ஒருவர் மடக்கி, மாலையில் இன்னொருவர் மடக்கினால் வீக்கம்தான் மிஞ்சும்.

புதியவர் முதல் நாளே மெஷினை எடுத்தால் கொஞ்சம் யோசியுங்கள். முதல் நாள் பாதி நேரம் கேள்வியிலும் அளப்பதிலும் போக வேண்டும்: அறுவைக்கு முன்பு எவ்வளவு மடங்கியது, சர்க்கரை இருக்கிறதா, ராத்திரி தூக்கம் எப்படி, வீட்டில் எத்தனை படி, எதைச் செய்ய ஆசை. இரண்டு வாரத்தில் சாக்பீஸ் கோடு கொஞ்சமாவது பின்னால் நகர வேண்டும். நகரவில்லை என்றால் மூன்றாவது ஆளைத் தேட வேண்டாம், அப்போது ஒன்பதாவது வாரம், பழையவருக்கும் இரண்டு வாரம் கொடுத்திருந்தால் பதினொன்றாவது வாரம். மறுபடி டாக்டரிடமே போய், மயக்கம் கொடுத்து மடக்குவது பற்றி நேராகக் கேட்டுவிடுங்கள். அப்படிச் செய்தால் அன்று மாலையோ மறுநாளோ பயிற்சி தொடங்கியாக வேண்டும், அதற்கு அடுத்த இரண்டு வாரம் தினமும். எனவே தேதி குறிப்பதற்கு முன்பே பிசியோதெரபிஸ்ட்டிடம் நேரம் வாங்கிவைத்துவிடுங்கள்.